‘என் பணத்தைக் கேட்டது குற்றமா?’ – மிரட்டிப் பணம் பறித்தல் வழக்குகள்: வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

சமீபத்தில் வந்த கடிதங்களில் நிறைய, மிரட்டிப் பணம் பறித்ததாகப் போடப்பட்ட வழக்குகளைப் பற்றியவை. இப்போது இதற்கான சட்டம் பாரதிய நியாய சம்ஹிதா 308-ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 383 முதல் 389 வரை தனித்தனியாக இருந்ததை ஒரே பிரிவுக்குள் கொண்டுவந்து, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. சாதாரணப் பறித்தலுக்கு முன்பு 3 ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனை இப்போது 7 ஆண்டு வரை. அதனால் உங்கள் எஃப்.ஐ.ஆரில் சம்பவத் தேதி என்ன போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 2024 ஜூலைக்கு முன்பு நடந்தது என்றால் பழைய 384-தான் பொருந்தும், தண்டனையும் குறைவு, மூன்று வருடத்துக்குள் வழக்கு தொடுத்திருக்க வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு.

எழுதியவர்களின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

திருப்பூரில் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன் சார். ஒரு பனியன் கம்பெனி எனக்கு 4,80,000 ரூபாய் பாக்கி. எட்டு மாதமாக இழுத்தடித்தார்கள். ஆத்திரத்தில், ‘வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வரலைன்னா என் ஆளுங்களோட கம்பெனி வாசல்ல வந்து உட்காருவேன், போலீஸ்ல மோசடி புகார் குடுப்பேன், ஊர்ல தலைகாட்ட முடியாதபடி பண்ணிடுவேன்’ என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். மறுநாள் 50,000 ரூபாய் கணக்குக்கு வந்தது. அடுத்த வாரம் என் மேல் 308(2), 351(2) வழக்கு. நோட்டீஸும் வாட்ஸ்அப்பிலேயே வந்திருக்கிறது. என் பணத்தைத்தானே கேட்டேன்? – திருப்பூர் வாசகர்

நீங்கள் கேட்டிருக்கிற கடைசி வரிதான் உங்கள் வழக்கின் உயிர். அதை வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் காட்ட வேண்டும்.

இந்தக் குற்றம் நிற்க மூன்று விஷயம் சேர வேண்டும். ஒருவருக்குத் தீங்கு வரும் என்ற பயத்தை வேண்டுமென்றே உண்டாக்கியிருக்க வேண்டும். அதில் நேர்மையற்ற நோக்கம் இருக்க வேண்டும். அந்தப் பயத்தினாலேயே அவர் பணத்தையோ பொருளையோ கையெழுத்துப் போட்ட பத்திரத்தையோ கொடுத்திருக்க வேண்டும். இதில் ‘தீங்கு’ என்பதற்குச் சட்டம் தனியாக வரையறை வைத்திருக்கிறது: உடல், மனம், பெயர், சொத்து எதுவாக இருந்தாலும் சட்டவிரோதமாக விளைவிக்கிற கெடுதல். ‘நேர்மையற்ற நோக்கம்’ என்றால் தனக்கு உரிமை இல்லாத ஒன்றை அடைவது, அல்லது மற்றவருக்கு உரிமையானதை அவர் இழக்கும்படி செய்வது. உங்களுக்கு வரவேண்டிய கூலியை நீங்கள் கேட்டால் அதில் சட்டவிரோத லாபம் எங்கே இருக்கிறது? இதுதான் உங்கள் முதல் வாதம், வலுவான வாதமும் இதுதான்.

இப்போது உங்கள் வாய்ஸ் மெசேஜை வரிவரியாகப் பார்ப்போம், ஏனென்றால் அரசுத் தரப்பும் அப்படித்தான் பார்க்கப்போகிறது. போலீசில் புகார் கொடுப்பேன் என்றது பெரிய சிக்கல் இல்லை. உண்மையான குறைக்குப் புகார் கொடுப்பது உங்கள் உரிமை, உரிமையைப் பயன்படுத்துவேன் என்பது சட்டவிரோதமான கெடுதல் ஆகாது. செக் திரும்பிய வழக்கில் சட்டமே, 15 நாளில் பணம் கொடு, இல்லாவிட்டால் வழக்கு என்று நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. வாசலில் வந்து உட்காருவேன் என்றது கொஞ்சம் வழுக்கல். அமைதியாக உட்காருவதற்கும், லாரியும் ஆட்களும் போகமுடியாதபடி கேட்டை மறிப்பதற்கும் வித்தியாசம் உண்டு, ‘ஆளுங்களோட’ என்ற சொல் உங்களுக்கு உதவாது. மூன்றாவது வரி, ஊரில் தலைகாட்ட முடியாதபடி பண்ணிடுவேன் என்றது, நேராக அவர் பெயரைக் கெடுப்பேன் என்ற பொருளில் எடுக்கப்படும். 351(2), அதாவது குற்றமுறு மிரட்டல், இந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் போடப்பட்டிருக்கும். பாக்கிப் பணம் உண்மை என்று நிரூபித்தால் 308 ஆட்டம் காணும். 351-க்கு அது மட்டும் போதாது, அதற்குத் தனியாக வாதாட வேண்டும்.

அந்த 50,000 ரூபாய் பற்றி. மிரட்டலுக்குப் பயந்து கொடுத்த பணம் என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பில்லுக்கு எதிரான பகுதிப் பணமாக வரவு வைத்திருந்தால், அதற்கு டி.டி.எஸ். பிடித்திருந்தால், அவர்கள் ஆவணமே உங்களுக்குச் சாட்சி. உங்கள் பக்கம் ஜாப் ஒர்க் பில், டெலிவரி சலான், ஜி.எஸ்.டி. கணக்கு, ‘அடுத்த வாரம் போட்டுவிடறோம்’ என்று எட்டு மாதமாக அவர்கள் அனுப்பிய மெசேஜ்கள், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் அழித்தால் உங்கள் மீதுதான் சந்தேகம் கூடும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சு போய்விட்டால் நஷ்டமும் உங்களுக்குத்தான்.

நோட்டீஸ் விஷயம். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், காரணம் எழுதி வைக்காமல் எடுத்தவுடன் கைது செய்யக்கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட பாதை. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3). இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதைக் காரணமாக வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போகாமல் இருந்துவிடாதீர்கள். வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பதில் கொடுங்கள், முறையான நோட்டீஸ் கேளுங்கள், தேவைப்பட்டால் அதே சட்டத்தின் 482-ஆம் பிரிவில் முன்ஜாமீன் மனுவைத் தயாராக வையுங்கள். விசாரணைக்குப் போனால் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று ஸ்டேஷனில் வைத்து, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்வது நம் ஊரில் சகஜம். அந்த ஒரு தாளில் 4,80,000 ரூபாயும் போய்விடும், உங்கள் வாதமும் போய்விடும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாக்கியை வசூலிக்க வழி தனியாக இருக்கிறது. வேலை செய்து கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு வைத்திருந்தீர்களா? இருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியோடு கேட்கலாம். பதிவு இல்லையென்றால் சிவில் வழக்கு. வழக்கு நடக்கும்போதே இதையும் தொடங்குங்கள். பணம் உண்மையிலேயே பாக்கி என்பதற்கு நீங்கள் முறைப்படி கேட்டதே ஒரு சான்றாகும்.

நிலத் தரகராக இருக்கிறேன். ஐந்து லட்சம் கேட்டு மிரட்டியதாக என் மேல் வழக்கு. ஒரு பைசா கூடக் கைமாறவில்லை. பணம் கைமாறாவிட்டால் வழக்கே நிற்காது என்று நண்பர் சொல்கிறார். சரியா? – மதுரை வாசகர்

பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் நம்பிக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

308(2)-க்கு, பயத்தினால் ஏதோ ஒன்று கைமாறியிருக்க வேண்டும். ஐசக் இசங்கா முசும்பா எதிர் மகாராஷ்டிரா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. உங்கள் மீது 308(2) மட்டும் போட்டிருந்தால், உயர் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா 528-ஆம் பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்க இது நல்ல அடிப்படை.

ஆனால் 308-க்குள்ளேயே வேறு கிளைகள் இருக்கின்றன. பணம் பறிப்பதற்காகப் பயமுறுத்தியது மட்டுமே 308(3)-ல் 2 ஆண்டு வரை தண்டனைக்குரியது, இது ஜாமீனில் விடக்கூடியது. கொலை செய்வேன், கை காலை உடைப்பேன் என்ற அளவுக்குப் பயமுறுத்தியிருந்தால் 308(4), 7 ஆண்டு வரை. இந்தக் கடைசி வகையின் பழைய வடிவம் 387. அதில் பணம் கைமாறவேண்டிய அவசியமே இல்லை, பறிப்பதற்காகப் பயத்தை உண்டாக்கினாலே போதும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, உயர் நீதிமன்றம் ரத்து செய்த வழக்கை மறுபடி உயிர்ப்பித்தது. ஆகவே எஃப்.ஐ.ஆரில் 308-க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நண்பரிடம் பேசுங்கள். எண்ணே போடாமல் வெறும் 308 என்று எழுதியிருந்தால் அதையும் உங்கள் வழக்கறிஞர் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு பைனான்ஸில் கலெக்‌ஷன் வேலை பார்க்கிறேன் அண்ணா. முதலாளி சொன்ன வீட்டுக்குப் போய் நின்று வட்டி வாங்குவதுதான் வேலை. ஒரு அம்மா புகார் கொடுத்ததில் முதலாளி பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. எனக்கு வயது 24. சம்பளத்துக்கு வேலை பார்த்தவன் நான். – கரூர் வாசகர்

தம்பி, முதலாளி சொன்னார் என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்ல உதவலாம், குற்றத்திலிருந்து காப்பாற்றாது. அவர் சொன்னதற்காக ஒரு வீட்டு வாசலில் நின்று, அந்த அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் அவமானப்படுத்தியிருந்தால் அது உங்கள் செயல்தான்.

இரண்டு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். வட்டி என்ன? உங்கள் முதலாளி மணிவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று எதையாவது ஓட்டினால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. அப்போது திருப்பூர் வாசகருக்குச் சொன்ன ‘என் பணத்தைக் கேட்டேன்’ என்ற வாதம் அந்த வட்டிக்கு வராது, சட்டம் தடுத்த வட்டிமேல் யாருக்கும் உரிமை இல்லை. வெற்று பாண்டு பேப்பரிலோ செக்கிலோ கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா? பயமுறுத்தி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது, 308-ஆம் பிரிவிலேயே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிற குற்றம். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-லும் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனம் என்றாலும், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கடன்காரரைத் தொல்லை செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

உங்களுக்கு உண்மையான எதிர்வாதம் ஒன்று இருக்கலாம்: அந்த நாளில் அந்த வீட்டுக்கு நீங்கள் போகவில்லை, அல்லது போய் ரசீது கொடுத்து வாங்கி வந்தீர்கள், மிரட்டியது வேறு ஆள். ரசீதுப் புத்தகம், உங்கள் போன் இருந்த இடம், முதலாளி வாட்ஸ்அப்பில் உங்களுக்குக் கொடுத்த உத்தரவுகள், எல்லாவற்றையும் காப்பாற்றி வையுங்கள். அதைவிட முக்கியம், முதலாளி ஏற்பாடு செய்கிற வக்கீலையே நீங்களும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் நலனும் உங்கள் நலனும் இந்த வழக்கில் ஒன்று இல்லை. கட்டணத்துக்கு வழியில்லை என்றால் கரூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உள்ளூர் வாரப் பத்திரிகை நடத்துகிறேன். அனுமதி இல்லாமல் கல் உடைக்கும் குவாரி பற்றி ஆர்.டி.ஐ. மூலம் தகவல் வாங்கினேன். குவாரிக்காரரிடம், ‘பத்திரிகைக்கு ஆண்டு விளம்பரம் கொடுங்கள், செய்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னதைப் பதிவு செய்து புகார் கொடுத்துவிட்டார். என்னிடம் இருக்கும் தகவல் முழுக்க உண்மை. – திண்டுக்கல் வாசகர்

தகவல் உண்மை என்பது உங்களைக் காப்பாற்றாது. அவதூறு வழக்கு என்றால் உண்மைக்கு இடம் உண்டு. இங்கே கேள்வி வேறு: பெயரைக் கெடுக்கும் செய்தியை வெளியிடுவேன் என்று காட்டிப் பணம் கேட்டீர்களா? 308-ல் முதல் எடுத்துக்காட்டே அவதூறான செய்தியை வெளியிடுவதாக மிரட்டிப் பணம் வாங்குவதுதான். குவாரி சட்டவிரோதம் என்றால் அதை எழுத உங்களுக்கு முழு உரிமை இருந்தது, கனிமவளத் துறைக்கு மனு கொடுக்கவும், பசுமைத் தீர்ப்பாயம் போகவும் உரிமை இருந்தது. எழுதாமல் இருப்பதற்கு விலை வைக்கத்தான் உரிமை இல்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இப்படி ஒரு பதிவு வெளியே வந்தால், உயிரைப் பணயம் வைத்து மணல், குவாரி பற்றி எழுதுகிற அத்தனை பேர் மீதும் இதே பழியைப் போடுவது சுலபமாகிவிடுகிறது.

சரி, வழக்கில் என்ன செய்யலாம்? அந்தப் பதிவு முழுமையானதா, வெட்டி ஒட்டியதா என்று பாருங்கள். மின்னணுப் பதிவை ஆதாரமாக வைக்க பாரதிய சாக்ஷிய அதினியம், அதாவது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத பதிவை எதிர்க்கலாம். பேச்சு முழுவதையும் கேட்டால் விளம்பரமும் செய்தியும் தனித்தனியாகப் பேசப்பட்டது என்று தெரிகிறதா? 1986-ல் மகாராஷ்டிரா முன்னாள் முதல்வர் அந்துலே வழக்கில், அரசிடம் கோரிக்கைகள் நிலுவையில் இருந்த சர்க்கரை ஆலைக் கூட்டுறவுகளிடம் அறக்கட்டளைக்கு நன்கொடை கேட்டது பற்றி, கொடுத்தவர்கள் பயத்தில் கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லாமல் அது பறித்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கறிஞர் அதை எடுத்து வைக்கலாம். குவாரிக்காரர் பயந்தாரா, இல்லை ஆளைச் சிக்கவைக்கப் பேச்சைத் தொடங்கியதே அவரா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. நீங்கள் மனு போட்ட தேதி, அவர் புகார் கொடுத்த தேதி, இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு வந்த மிரட்டல் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அப்புறம், கையில் இருக்கும் குவாரி ஆவணங்களை இன்றைக்கே உரிய துறைக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அவற்றை இனியும் உங்களிடமே வைத்திருக்கக் கூடாது.

என் மகனுக்கு 19 வயது ஐயா. மூன்று நண்பர்களோடு ராத்திரி ஒரு பாஸ்ட் புட் கடைக்குப் போயிருக்கிறான். ஒரு பையன் கத்தியைக் காட்டி மாமூல் கேட்டு, கல்லாவில் இருந்த 2,000 ரூபாயைக் கடைக்காரரையே எடுத்துக் கொடுக்க வைத்திருக்கிறான். என் மகன் பைக்கில் உட்கார்ந்திருந்தானாம். நான்கு பேரும் இப்போது உள்ளே. குண்டர் சட்டம் போடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. – செங்கல்பட்டு வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதற்றமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பிரிவு. எதிரில் நின்று, அந்த நிமிடமே கொல்வேன், குத்துவேன் என்ற பயத்தைக் காட்டி, அங்கேயே பணத்தைக் கொடுக்க வைத்தால் சட்டத்தின் கண்ணில் அது பறித்தல் என்பதைத் தாண்டி 309-ஆம் பிரிவுக் கொள்ளை ஆகிவிடும். கத்தி இருந்ததால் 311-ம் சேர்த்திருக்கலாம், அதில் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. அதனால் எஃப்.ஐ.ஆர். நகலை முதலில் வாங்குங்கள். ஜாமீனுக்கு எந்த நீதிமன்றம், என்ன வாதம் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். கத்தி வைத்திருந்தவருக்குத்தான் 311 பொருந்தும், பைக்கில் இருந்த பையனுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது என்ற வாதமும் இருக்கிறது.

உங்கள் மகனை மற்றவர்களோடு கட்டுவது 3(5) என்ற பிரிவு, பொதுவான எண்ணத்தோடு சேர்ந்து செய்தார்கள் என்பது. கூட இருந்தான் என்பது மட்டும் போதாது, அந்த எண்ணத்தில் அவனுக்கும் பங்கு இருந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: பைக்கை ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருந்தான் என்றால் தப்பிப் போவதற்கு அவன் ஏற்பாடு என்று சொல்வார்கள். அதனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தது முக்கியம். கிளம்பும்போது சாப்பிடத்தான் போகிறோம் என்று பேசினார்களா, போனில் மெசேஜ் இருக்கிறதா, கத்தி இருப்பது அவனுக்குத் தெரியுமா, 2,000 ரூபாயில் அவன் பங்கு வாங்கினானா, கடைக்காரர் புகாரில் அவனைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்?

கடையிலும் தெருவிலும் சி.சி.டி.வி. இருந்தால் இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். பல கடைகளில் பழைய பதிவு மேலேயே புதியது ஏறிவிடும். பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் மனு போடலாம். போலீஸ் எடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பார்த்து உடைந்துபோகாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாக ஏற்கப்படாது, அவன் சொல்லி ஏதாவது பொருள் கைப்பற்றப்பட்டிருந்தால் அதற்கு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே எந்தப் பொருளை, யாரிடமிருந்து, எங்கே எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள் என்பதை வழக்கறிஞர் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஜாமீன் முதல் தடவை கிடைக்காவிட்டாலும் நாளைக் கணக்கு வையுங்கள். 60 நாளில், மிகப்பெரிய குற்றங்களில் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் மனு போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் அந்த உரிமை போய்விடும். 60-ஆ 90-ஆ என்பதிலேயே வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள், 61-ஆம் நாள் காலையிலேயே மனுவோடு நிற்பவர்தான் உங்களுக்கு வேண்டிய வழக்கறிஞர். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, பெண் என்ற முறையில் உங்களுக்கும் உண்டு.

குண்டர் சட்டம், அதாவது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாடு சட்டம், விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் கொடுக்கிறது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ உத்தரவு போடுவார்கள். பழக்கமாகக் குற்றம் செய்கிறவர் மேல் போடவேண்டிய சட்டம் அது. உங்கள் மகன் மீது வேறு வழக்கே இல்லை என்றால் அதை ஆவணத்தோடு சொல்லுங்கள். உத்தரவு வந்தேவிட்டால், தாமதிக்காமல் அரசுக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் முறையீடு அனுப்புங்கள். அந்த முறையீட்டை அரசு காலம் கடத்திப் பரிசீலித்தது என்பதற்காகவே உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவில் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. அனுப்பிய தேதிக்கான தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

முன்பு பழகியவன் என் வீடியோவை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். 15,000 ரூபாய் வீதம் இரண்டு தடவை ஜி.பே. செய்துவிட்டேன். நான் கொடுத்ததால் எனக்கும் பிரச்சினை வருமா? வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். – சேலம் வாசகி

சகோதரி, உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. பயந்து கொடுத்தவர் பாதிக்கப்பட்டவர், அவ்வளவுதான். பெயருக்குக் கெடுதல் வரும் என்ற பயம், அதனால் பணம் கைமாறியது, இரண்டுமே இருப்பதால் இது 308(2)-க்கு நேராகப் பொருந்துகிற வழக்கு. வீடியோ எப்படி எடுக்கப்பட்டது, பரப்பினானா என்பதைப் பொறுத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகளும், நியாய சம்ஹிதாவின் 77-ம் சேரும்.

மூன்றாவது தடவை கொடுக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சேலத்தில் புகார் கொடுக்கத் தயக்கம் என்றால் வேறு ஊர் ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை கடந்த புகாரையும் பதிய வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அவனை பிளாக் செய்வதற்கு முன் அரட்டை முழுவதையும் தேதி, எண் தெரியும்படி எடுத்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘காதலித்தோம், கைமாத்தாகக் கொடுத்தார், பிரிந்ததும் பொய் வழக்கு’ என்பார்கள். அதற்குப் பதில் வரிசையில் இருக்கிறது: மிரட்டல் மெசேஜ் எத்தனை மணிக்கு வந்தது, பணம் எத்தனை மணிக்குப் போனது. மிரட்டிய அன்றே, அவன் கேட்ட அதே தொகை போயிருந்தால் கைமாத்து கதை எடுபடாது. அந்த இரண்டு நாட்களின் வங்கிக் கணக்கு அறிக்கையைப் புகாரோடு இணைத்துவிடுங்கள்.

இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம். ஸ்டேஷனிலேயே வழக்கை முடிக்கலாமா? பொய்ப் புகார் கொடுத்தவர் மேல் நான் திருப்பி வழக்கு போடலாமா? – தூத்துக்குடி வாசகர்

முடிக்க முடியாது. சமாதானமாகப் போகக்கூடிய குற்றங்களின் பட்டியலில் பறித்தல் இல்லை. மாஜிஸ்திரேட்டும் முடித்துவைக்க முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா 528-ஆம் பிரிவில் மனு போட்டு, இருவரும் பிரமாணப் பத்திரம் கொடுத்து, ரத்து கேட்க வேண்டும். 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அடிப்படையில் பணத் தகராறு, குடும்பத் தகராறு போன்றவற்றில் உயர் நீதிமன்றம் சமாதானத்தை ஏற்கலாம். கத்தி, ரவுடி மாமூல் என்று இருந்தால் அவ்வளவு எளிதில் ஏற்காது.

இரண்டாவது கேள்வி. சமாதானமாகிவிட்டோம் என்கிறீர்கள், அதே மூச்சில் திருப்பி வழக்கு என்கிறீர்கள். பொய் வழக்குக்கு 217, 248 பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் விடுதலையானதே பொய்ப் புகாருக்கு ஆதாரம் ஆகாது, பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: ‘பணம் கொடு, இல்லாவிட்டால் பொய் வழக்குக்காக உன்னை உள்ளே தள்ளுவேன்’ என்று அவரிடம் பேசிவிடாதீர்கள். மரண தண்டனை, ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை சிறை உள்ள குற்றம் சாட்டுவேன் என்று பயமுறுத்திப் பணம் பறிக்க முயல்வதே 308(6)-ல் 10 ஆண்டு வரை தண்டனைக்குரியது. சமாதான ஒப்பந்தத்தை வழக்கறிஞர் எழுதட்டும், அதிலேயே இரு தரப்பும் மேற்கொண்டு வழக்குத் தொடர மாட்டோம் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.